வளைவும் மணிக்கட்டும்

தமிழில் வாள் என்ற சொல்லைக் கவிதைக்கும் கத்தி என்ற சொல்லைக் காரியத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம். ராஜா ராணிப் படங்கள் பார்த்து வளர்ந்தவர் யாரும் அவற்றை வாட்போர்ப் படங்கள் என்று சொல்லிக் கேட்டதில்லை. கத்திச் சண்டைப் படம், அவ்வளவுதான். வாய்ச்சொல் வீரனுக்கு அட்டைக்கத்தி என்று பெயர்; அட்டைவாள் என்று சொன்னால் சிரிப்பு வராது. வாள் என்று எழுதியதுமே அது வளைந்துகொள்கிறது, வளைந்ததும் பிறையாகிவிடுகிறது, பிறையானதும் கவிஞர் திருப்தியடைந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அந்த வளைவு எதற்கு, எவ்வளவு, யார் கைக்கு என்று கேட்பது இந்தத் திருப்தியில் குறுக்கிடும் காரியம். போன வருஷம் மூன்று வார காலம் இந்தக் கேள்வியோடு தியாகராய நகரில் ஒரு மாடி வீட்டுக்கு ஏறி இறங்க நேர்ந்தது.

இந்தப் பேட்டைக்கும் கத்திக்கும் பழைய உறவு உண்டு. ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம். தெற்கு போக் ரோடில் சிவாஜி கணேசன் வீடு. இவர்கள் திரையில் வென்றார்கள் என்றால் யாராவது தோற்றிருக்க வேண்டும். தோற்றவர்களில் சிலரும் இங்கேயேதான் இருந்தார்கள், பெரும்பாலும் மாடிப் போர்ஷனில், வாடகைக்கு. நான் ஏறிப்போன வீட்டுக்காரர் அப்படி ஒருவர். 1958இல் பத்தொன்பது வயதில் கூட்டச் சண்டைக்கு வந்தவர். பிற்பாடு பிறருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கும் அப்படியே. அவர் இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். பெண் பெங்களூரிலிருந்து வந்து சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பரண் மேலிருந்து ஒரு ஜமக்காளச் சுருட்டு இறங்கியது. அதில் பதினொரு கத்திகள்.

"இதெல்லாம் அங்க கொண்டுபோக முடியாது சார். நீங்க படிச்சவங்க. எது நிஜம், எது டூப்புன்னு பார்த்துச் சொன்னீங்கன்னா போதும். மத்ததைக் காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றாள்.

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. வலது தோள் அவருக்குக் காதுக்கு மேல் எழும்பாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்து, பிடியைக் கையில் வாங்கி, லேசாக ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே வைத்தார். ஏழு கத்திகளை வைக்கும்போது ஒரே வார்த்தை: "செத்தது." அவை அலுமினியம். இரண்டு மெல்லிய எஃகுக் கத்திகள், கிண்ணம் வைத்த கைப்பிடியோடு நேரானவை. அவற்றுக்கு "ஆடும்" என்றார். பத்தாவது ராமநாதபுரம் பக்கத்து அரிவாள், அவர் அப்பாவுடையது. பதினொன்றாவதை எடுத்தவர் குலுக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இது என்னை ஆட விடாது தம்பி" என்றார்.

அது ஒரு தல்வார். ஒரு ஜமீன் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது நாடக உடை வாடகைக்கு விடுகிறவர் மூலம் வந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியும். ஒருநாள்கூட அதைப் படப்பிடிப்புக்கு எடுத்துப் போனதில்லையாம்.

நாங்கள் செய்த முதல் காரியம் அதை மொசைக் தரையில் படுக்கவைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்தது. எப்படியும் இடிக்கப்போகிற தரை. பிடி தொடங்கும் இடத்திலிருந்து முனைவரை ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் கத்தியின் முதுகுக்கும் நடுவே அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்று பார்த்தால் அதுதான் வளைவு. ஐந்தரை சென்டிமீட்டர் வந்தது. சமையல்கட்டுத் தராசு 980 கிராம் காட்டியது. விரல் மேல் கிடத்தினால் கைக்காப்பிலிருந்து ஒரு சாண் முன்னால் போய் நிலைகொண்டது. ஜப்பானியக் கட்டானாவில் இந்த இடைவெளி சாதாரணமாக இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பாரசீக ஷம்ஷீரில் பத்தைத் தாண்டுவதும் உண்டு. ஜப்பானியக் கொல்லன் அலகைக் கிட்டத்தட்ட நேராகவே அடித்து, முதுகில் களிமண் கனமாகப் பூசித் தண்ணீரில் முக்குகிறான். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கெட்டிப்பட்டு விரிகிறது, முதுகு மெல்லக் குளிர்கிறது, அலகு தானாகவே பின்பக்கம் வளைகிறது. அங்கே வளைவில் பாதி நெருப்பும் தண்ணீரும் செய்த முடிவு. மற்ற இடங்களில் கொல்லன் சுத்தியலால் எடுத்த முடிவு.

வளைவு எதற்கு? வெண்டைக்காயை அரிவாள்மணையில் நேராக அழுத்தினால் நசுங்கும், சற்று இழுத்தால் அறும். இது தெரியாத வீடு இல்லை. இழுக்கும்போது விளிம்பு குறுக்காக ஓடுகிறது. மலையில் நேரே ஏறாமல் சாய்ந்து சுற்றி ஏறுகிறவனுக்குச் சரிவு குறைவதுபோல், குறுக்காக ஓடும் விளிம்புக்கு அலகின் தடிமன் குறைந்துவிடுகிறது; உள்ளபடியைவிடக் கூர்மையாக வேலை செய்கிறது. நேரான கத்தியாலும் இழுத்து வெட்டலாம், ஆனால் இழுக்க வேண்டும் என்று நினைவு இருக்க வேண்டும். வளைந்த அலகு அந்த நினைவைத் தனக்குள் வாங்கிக்கொண்டு கையை விடுவிக்கிறது. குதிரை ஓட்டத்தில் போகிறவனுக்கு நினைக்க நேரமில்லை. அவன் கத்தி எதிரியிடம் சிக்கிக்கொண்டால் கத்தி போகும், அல்லது தோள் போகும். வளைந்தது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இதற்கெல்லாம் விலை உண்டு: அதே அளவு எஃகில் நேரான கத்தி எட்டும் தூரம் இதற்கு எட்டாது, குத்தவும் சௌகரியமில்லை. முனை கையின் கோட்டிலிருந்து விலகி நிற்பதால், குத்துகிறவன் மணிக்கட்டைத் திருப்பி, கேடயத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

நம் வட்டத்துக் கவிஞர் நண்பர் ஒருவரை ஒரு மாலை அழைத்துப் போனேன். சாக்பீஸ் கோட்டைப் பார்த்து, "என்ன ஒரு லைன்" என்றார். கத்தியை அவர் தொடவில்லை. வளைந்த வாள்களைப் பற்றி எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மியூசியமும் வாளைப் பக்கவாட்டில்தான் காட்டும். எழும்பூரில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்த்தவர்கள் நிழலுருவங்களைப் பார்த்திருக்கிறார்கள். முதுகின் கனம் பிடியிலிருந்து முனைக்கு எப்படிக் குறைந்துகொண்டு போகிறது என்பதை நிழலுரு காட்டாது. இந்தத் தல்வாரின் முதுகு பிடியருகில் ஏழு மில்லிமீட்டர், முனைக்கு ஒரு சாண் முன்னால் மூன்றுக்கும் கீழே. அலுமினியக் கத்திகள் முதலிலிருந்து கடைசிவரை ஒரே தகடு. எடை தல்வாரில் பாதிதான், ஆனாலும் வீசினால் முனை பின்தங்கி வருகிறது. மாஸ்டர் செத்தது என்று சொன்னது இதைத்தான். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் செத்ததும் உயிருள்ளதும் ஒரே வளைவு. கவிதையில் வடிவம் வடிவம் என்று நாம் இத்தனை வருஷங்களாகப் பேசிக்கொண்டிருப்பதும் எனக்குப் பல சமயம் பக்கவாட்டுப் பேச்சாகப் படுகிறது. அது வேறு கட்டுரை.

தஞ்சாவூர் ஆயுதங்களின் கதை மாஸ்டரின் ஜமக்காளச் சுருட்டைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். ராஜ்யம் என்று பெயருக்கு மிச்சமிருந்ததையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த ஆயுதசாலையிலிருந்து 1860களில் சிலவற்றைப் பொறுக்கிச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற சிவில் அதிகாரி 1878இல் 'இண்டியன் ஆன்டிக்வரி' பத்திரிகையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தப்பியவற்றை முக்கிய ஆதாரமாக வைத்து ராபர்ட் எல்குட் 2004இல் இந்து ஆயுதங்களையும் சடங்குகளையும் பற்றிப் பெரிய புத்தகம் கொண்டுவந்தார். அந்த நாயக்கர் காலத்து வாள்களில் நேரானவை நிறைய. சில முன்பக்கம் உள்வளைந்தவை. பின்பக்கம் வளையும் தல்வார் குதிரைகளோடும் துருக்கி, பாரசீகப் பழக்கங்களோடும் வடக்கிலிருந்து இறங்கியது. நம் கவிஞர்கள் பாண்டியன் கையில் வைக்கும் பிறை வாள் பாண்டியனுக்குப் பிந்திய சரக்கு என்பதை மரியாதையோடு சொல்லி வைக்கலாம்.

மாஸ்டரின் தல்வாரை இரண்டாவது வாரம் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அலகின் நடுவே ஒரே அகலமான ஓடை. முனைப்பக்கம் குறுகாமல் அகன்று, பிறகு கோடாரிபோல் முடிந்தது. இந்த அங்க லட்சணம் 1796ஆம் வருஷத்து ஆங்கிலேய இலகு குதிரைப்படைக் கத்தியுடையது. ஜான் லெ மார்ஷான் என்ற அதிகாரி அதை வடிவமைத்தார். துருக்கியரும் மாமெலுக்குகளும் ஹங்கேரியரும் வைத்திருந்த வளைந்த வாள்களை மனத்தில் வைத்துச் செய்தது. பின்னால் பிரஷ்யாவும் 1811இல் அதைப் பார்த்துச் செய்துகொண்டது. ஆங்கிலேயர் கழித்துப் போட்ட அந்த அலகுகள் இந்தியாவில் நல்ல விலைக்குப் போயின. இங்குள்ளவர்கள் ஆங்கிலப் பிடியைக் கழற்றிவிட்டு நம் பிடியை மாட்டிக்கொண்டார்கள். ஆக, கிழக்கிலிருந்து போன வளைவு இங்கிலாந்தில் அடிபட்டு, கப்பலேறி, கிழக்குக்கே திரும்பியது. சுதேசி எது, விதேசி எது என்று சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு கத்தியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பத்திரிகை நடத்தலாம்.

இந்த அலகுகளைப் பற்றி லூயிஸ் நோலன் எழுதியது பிரசித்தம். 15ஆவது ஹுஸார் படையோடு தென்னிந்தியாவில் இருந்தவர், 1854இல் பாலக்ளாவாவில் செத்தவர். நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரே வீச்சில் தலையையும் கையையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்படி என்ன வாள் என்று போய்ப் பார்த்தால், ஆங்கிலேயர் கழித்த அதே அலகுகள். ரகசியம் வளைவில் இல்லை, வித்தையிலும் இல்லை. ஆங்கிலேயன் கத்தி இரும்பு உறையில் கிடந்து, அணிவகுப்புக்கு அணிவகுப்பு உருவிச் செருகி மழுங்கியது. நிஜாமின் ஆட்கள் சாணை பிடித்து மர உறையில் வைத்தார்கள், வேலை வந்தால்தான் உருவினார்கள். சாணைச் சக்கரத்தை மிதித்துக்கொண்டு மாம்பலம் தெருக்களில் வருகிற ஆளிடம் கேட்டிருந்தால் அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது பிடி. அலகு ஒன்றேதான், வளைவு ஒன்றேதான். ஆங்கிலப் பிடியில் விரல்களுக்கு முன்னால் ஒரு வளையம் மட்டும். மணிக்கட்டு சுதந்திரமாக இருக்கும், கையை நீட்டி முனையால் குத்தலாம். தல்வாரின் பிடி குட்டையானது, அடியில் ஒரு வட்டத் தட்டு. கையை நீட்டி முனையை முன்னால் கொண்டுபோகப் பார்த்தால் தட்டின் விளிம்பு மணிக்கட்டில் வந்து அழுத்துகிறது. பிடி சிறிது, இந்தியர் கை சிறிது என்று அந்நாள் ஆங்கிலேயர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். நான் பிடித்துப் பார்த்ததில், அந்தத் தட்டு ஒரு ஆசிரியர். மணிக்கட்டை மடக்காதே, முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வா, உடம்பைத் திருப்பு என்று ஒவ்வொரு தப்பான அசைவிலும் தட்டிச் சொல்கிறது. அப்படி வந்தால் விளிம்பு தானாகக் குறுக்கே இழுபட்டுப் போகிறது. தற்காப்பு? அது இடது கையில் இருக்கும் கேடயத்தின் வேலை. வளைவு பாதிச் செய்தி, தட்டு மீதிச் செய்தி. தட்டைப் பார்க்காமல் வளைவை அளக்கிறவர் பாதிக் கடிதத்தைப் படித்தவர்.

மாஸ்டரை ஆட விடாதது இந்தத் தட்டுதான். முப்பது வருஷம் மணிக்கட்டால் பேசிய கை அது.

இங்கே நம் நண்பர்களோடு ஒரு வழக்கு எனக்கு உண்டு. கத்திச் சண்டைப் படம் என்றால் நம் வட்டத்தில் ஒரு இளக்காரம். தமிழ் ராஜா கையில் பிரெஞ்சுக் கத்தி என்று சிரிப்பார்கள். 1948இல் 'சந்திரலேகா'வில் ரஞ்சனும் எம்.கே. ராதாவும் அவ்வளவு நேரம் போடும் சண்டையும், 1958இல் 'நாடோடி மன்னன்' சண்டையும் எரால் ஃபிளின் படங்களின் நேர்க்கத்தி மரபில் வந்தவை, வாஸ்தவம். ரஞ்சன் அந்த வித்தையை முறையாகவே பயின்றவர். சரித்திரத்துக்குப் பொருந்தவில்லை என்பதால் பொய் என்று தீர்த்துவிடலாமா? திரை தட்டையானது. நேரான மெல்லிய கத்தி அதில் ஒரு கோடு: யாரிடமிருந்து யாரை நோக்கி என்பது கடைசி பெஞ்சுக்கும் தெரியும். மாஸ்டர் இன்னொன்று சொன்னார்.

"ரெண்டு நேர்க்கத்தி குறுக்கே மாட்டினா நிக்கும் தம்பி. நின்னாத்தானே ரெண்டு மூஞ்சியும் கிட்ட வரும்? கிட்ட வந்தாத்தானே டயலாக்கு? வளைஞ்ச கத்தி ரெண்டை மாட்டிப் பாருங்க. வழுக்கிக்கிட்டுப் போயிடும். டயலாக்கை எங்க சொல்றது?"

தமிழ் சினிமாவைப் பற்றி எழுதப்பட்ட பல நூறு பக்கங்களில் இதைவிடத் தெளிவான வடிவ விமர்சனத்தை நான் வாசித்ததில்லை. நேர்க்கத்தி அந்தப் படங்களுக்குப் பொய்யல்ல. வசனத்துக்காகப் பிறந்த ஆயுதம். எனக்குப் பொய்யாகப் படுவது சமீப வருஷங்களில் வரும் ஆராய்ச்சி. வளைவு சரியாக இருக்கும், பிடியில் தட்டுகூட இருக்கும். அதைப் பிடித்த கை மட்டும் மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி வீசும், விளிம்போடு விளிம்பு டணங் டணங்கென்று மோதும். தல்வார்க்காரன் தன் விளிம்பை அப்படிப் பாழாக்க மாட்டான்.

அரிவாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதையும் தரையில் வைத்துத் தல்வாருக்கு எதிரே வரைந்தோம். இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தல்வாருக்கு வெளிவளைவில் விளிம்பு, அரிவாளுக்கு உள்வளைவில். முதலாவது தொட்டதிலிருந்து வழுக்கி விலகும், இரண்டாவது தொட்டதை விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும். கிளை நழுவக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வடிவம். கனம் முழுக்க முன்னால். ஸ்பெயினின் பழைய ஃபால்காட்டா, நேபாளத்துக் குக்ரி, துருக்கியின் யட்டகான் எல்லாம் இந்த முன்வளைந்த குலம். கருப்பசாமி கையில் இருப்பது இது. சட்டமும் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதம். ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்ததற்கு விலக்கு. மாவட்டங்களின் கொலை வழக்குகளில் அரிவாளின் பங்கைப் பார்க்கிறவர்கள் இந்த விலக்கை எப்படி வாசிப்பார்களோ.

2023இல் லண்டன் ஏலத்தில் திப்புவின் படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்குப் போனது. காயலான் கடைக்காரர் அலுமினியத்தையும் இரும்பையும் தனித்தனியாக நிறுத்தார். தல்வாரை இரும்புத் தட்டில் வைக்கப்போனபோது மாஸ்டர் முதல் தடவையாக, "அது வேணாம்" என்றார். பெண் என்னைப் பார்த்தாள். அரிவாளை அவள் ஏற்கெனவே தன் பெட்டியில் செய்தித்தாளில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய் உரிக்க என்றாள். இரண்டு நேர்க்கத்திகளை வடபழனியில் ஒரு பழைய சிஷ்யர் வந்து வாங்கிப் போனார்.

தல்வார் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு வக்கீல் நண்பரைக் கொண்டு காகிதங்கள் எழுதியாயிற்று. மரத்தில் உறை செய்துதர ஒரு தச்சரிடம் கேட்டேன். வளைவு எதற்கென்று அவரும் கேட்டார், உள்ளே குடைவதற்கு அது பெரிய உபத்திரவம் என்பதால். இரண்டு பலகைகளைத் தனித்தனியாகக் குடைந்து ஒட்டச் சொன்னேன். மாதம் ஒரு முறை தையல் மெஷின் எண்ணெய் தடவுகிறேன். விடிகாலையில் மொட்டை மாடியில், கொடிகளில் துணி காயாத நேரம் பார்த்து, பத்து வீச்சு.

மாஸ்டர் பெங்களூரிலிருந்து போன் செய்கிறார். குளிர் தாங்கவில்லை என்கிறார், காப்பி பரவாயில்லை என்கிறார். போன வாரம், "வீசறீங்களா?" என்றார்.

"வீசறேன் மாஸ்டர்."

"எங்க வலிக்குது?"

"தோள்ல."

"மணிக்கட்டுல இல்லையே?"

"இல்ல."

"அப்ப சரி" என்று போனைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.